கடைசி வரியில் ஒரு பொட்டு

வாங்க. மாவுக்கா? தூக்கு கொண்டு வரலையா? பரவாயில்லை, கவரில் கட்டித் தர்றேன். எத்தனை பேருக்கு?

ஓ. குழந்தைகள் ஆபீஸா.

வருவீங்கன்னு ஜெசிந்தா டீச்சர் சொல்லியிருந்தாங்க. வயசான அம்மா ஒருத்தர் கண்ணாடி போட்டுக்கிட்டு வருவாங்கன்னு நினைச்சேன். நீங்க என்னைவிடச் சின்னவங்களா இருக்கீங்க. உட்காருங்க மேடம். அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்லை. இதில் உட்காருங்க. கிரைண்டரை மட்டும் இப்போ நிறுத்த முடியாது, உளுந்து பொங்கி வர்ற நேரம். பக்கத்தில் நின்னு தண்ணி தெளிச்சுக்கிட்டே பேசுறேன். சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கும். எனக்குப் பழகிப்போச்சு. இது ஓடாத நேரத்தில்தான் எனக்குக் காது அடைக்கும்.

குப்பி இன்னும் வரலை. பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரந்தான். அவள் வர்றதுக்குள்ளே நான் பேசி முடிச்சிடுறேன். அவளை வெச்சுக்கிட்டுப் பேசுற விஷயம் இல்லை இது.

படிச்சிட்டுத்தானே வந்திருப்பீங்க. கனிஷ்கா, ஐந்தாம் வகுப்பு, தலைப்பு 'என் அம்மா'. கடைசி வரி, 'எங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது.' நான்தான் அந்த அம்மா. செண்பகவல்லி. வல்லின்னு எழுதினாலும் போதும். கனிஷ்காங்கிறது பள்ளிக்கூடத்தில். வீட்டில் அவள் குப்பி.

அது உண்மையா இருந்தா அவளைக் கூட்டிட்டுப் போய் விடுதியில் சேர்த்துடுவீங்களாமே. டீச்சர் அப்படி நேராச் சொல்லலை. 'விசாரிப்பாங்க, தேவைப்பட்டா வேற ஏற்பாடு பண்ணுவாங்க'ன்னாங்க. வேற ஏற்பாடுன்னா என்னன்னு எனக்குப் புரியாதா? நானும் அதே பள்ளிக்கூடத்தில் படிச்சவள்தான், எட்டு வரைக்கும். அப்புறம் ரெண்டு வருஷம் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் போனேன்.

முதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் பிடிபடும். எழுதிக்குங்க.

ஜெசிந்தா டீச்சர் இந்த வருஷம்தான் மாத்தலாகி இங்கே வந்தாங்க. நல்ல மாதிரி. கையில் குச்சியே கிடையாது. வந்த புதுசில் பெற்றோர் கூட்டம் போட்டு, 'நம்ம வகுப்புக்கு ஒரு வலைப்பூ ஆரம்பிச்சிருக்கேன்'னாங்க. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, 'பூவெல்லாம் யாரு வளர்ப்பா டீச்சர், குடிக்கவே தண்ணி வரலை'ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சோம். டீச்சரும் சிரிச்சாங்க. அப்புறம் அவங்க ஃபோனில் திறந்து ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்துக் காட்டினாங்க.

'பரீட்சைத் தாள்ல எழுதினா நான் ஒருத்திதான் படிப்பேன். நானும் சிவப்பு மையில ஒரு சுழி போட்டு மூடி வெச்சிடுவேன். இதுல எழுதினா யார் வேணா படிக்கலாம். படிக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா இதுங்க எழுதும்மா. எழுத எழுதத் தமிழ் தன்னால வரும்.'

எனக்கு அது சரின்னு பட்டது. நான் பள்ளிக்கூடத்தில் எழுதினதை எல்லாம் யார் படிச்சா? எடைக்குப் போட்ட பிறகு அதில் கடலை மடிச்சுக் கொடுத்த கடைக்காரர் படிச்சிருந்தா உண்டு.

வேலை என்னன்னா, டீச்சர் வாரத்துக்கு ஒரு தலைப்பு தருவாங்க. புள்ளைங்க நோட்டில் எழுதணும். டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாங்க. வீட்டில் அதை ஃபோனில் டைப் பண்ணி ஏத்தணும். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருக்கு, ஆனா பாதி நாள் கரண்டு இருக்காது, மீதி நாள் நெட்டு இருக்காது. இந்தத் தெருவில் மத்த வீட்டுப் புள்ளைங்களுக்கும் நான்தான் டைப் பண்ணிக் கொடுத்தேன். மாவுக் கை, அதனால் ஒத்தை விரல். நல்லாத்தான் இருந்தது. இந்த வீட்டுப் புள்ளை அந்த வீட்டு ஆட்டைப் பற்றி எழுதும், அந்த வீட்டுப் புள்ளை இந்த வீட்டுச் சண்டையைப் பற்றி எழுதும். டைப் பண்ணும்போதே ஊர்ச் சங்கதி எல்லாம் தெரிஞ்சிடும்.

குப்பி முதல்ல எழுதினது இந்தக் கிரைண்டரைப் பற்றி. 'எங்க வீட்டு கிரைண்டர் காலையில் அரிசியைத் திட்டும். அரிசி பதில் பேசும். கொஞ்ச நேரத்தில் ரெண்டும் சமாதானம் ஆகி ஒரே குரலில் பேசும். அப்போது எங்க அம்மா சுவிட்சை நிறுத்துவாங்க.' இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இத்தனை வருஷமா நான் பக்கத்தில் நிக்கிறேன், எனக்கு வெறும் கடமுடாதான். நல்லா இருக்குன்னு அவகிட்ட சொல்லலை. அதெல்லாம் நான் சொல்றதில்லை. எழுதினபடியே டைப் பண்ணி ஏத்திட்டேன்.

ஏத்தின பிறகுதான் பார்த்தேன் மேடம். கட்டுரைக்குக் கீழே சின்னதா ஒரு கண்ணுப் படம். ஒத்தைக் கண்ணு. அதுக்குப் பக்கத்தில் ஒரு எண்.

டீச்சர்கிட்ட கேட்டேன். 'எத்தனை பேர் பார்த்திருக்காங்கன்னு அது காட்டும்மா.' 'யாரு பார்த்தான்னு தெரியுமா டீச்சர்?' 'அது தெரியாது. மலேசியாவுல இருந்துகூடப் பார்க்கிறாங்க'ன்னு சந்தோஷமாச் சொன்னாங்க. யாருதுன்னே தெரியாத கண்ணு, அதை எண்ணி வேற காட்டுறாங்க. ராத்திரி படுக்கும்போது இருந்த எண் விடிஞ்சதும் ஏறியிருக்கு. நாம தூங்கினாலும் அது தூங்கலை.

அடுத்து ஹெட்மாஸ்டர் அந்தக் கட்டுரையைப் பிரேயரில் படிச்சுக் காட்டி, எல்லாரையும் கை தட்டச் சொல்லியிருக்கார். அன்னைக்குச் சாயந்தரம் வந்து பையை வெச்சாள், படுத்தாள், உடம்பு அனலாக் கொதிக்குது. உப்பு, மிளகாய் சுத்தி அடுப்பில் போட்டேன். நெடியே வரலை. அத்தனை மிளகாய் எரியுது, ஒரு தும்மல் இல்லை. நெடி வரலைன்னா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். காலையில் காய்ச்சல் விட்டுடுச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. டீச்சரும் சிரிப்பாங்கன்னுதான் அவங்ககிட்ட இதைச் சொல்லலை.

குப்பிக்கு முன்னால் ஒருத்தன் இருந்தான். நித்தின். பால்வாடி விழாவுக்குக் கிருஷ்ணர் வேஷம் கட்டச் சொன்னாங்க. மயிலிறகு நான்தான் தேடிக் கொண்டு வந்தேன். ஃபோட்டோவும் நான்தான் எடுத்தேன். நல்லா வந்திருந்தது, வெளிச்சம் சரியா முகத்தில் விழுந்து. அவங்க அப்பா அதை ஸ்டேட்டஸில் வெச்சார். லோடு ஆட்டோ ஓட்டுறவர், ஃபோனில் ஊர்ப்பட்ட நம்பர். எல்லாரும் பார்த்தாங்க. அந்த வாரமே காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டெங்குன்னாங்க. டெங்குதான், நான் இல்லைன்னு சொல்லலை. கொசு ஊர்ல எல்லாரையும்தான் கடிச்சது. இவனுக்கு மட்டும் ஏன்னு கேட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார்.

கொஞ்சம் இருங்க, தண்ணி தெளிக்கணும். விட்டா உளுந்து சூடாயிடும். சூடாயிட்டா இட்லி கல்லு மாதிரி வரும், நாளைக்கு வாசலில் வந்து சண்டை போடுவாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா, பேர். அப்புறம் இவள் பிறந்தாள். பிறந்ததும் எதிர்வீட்டுப் பேச்சியம்மா அத்தை இவளைக் குப்பைமேட்டில் ஒரு முறத்தில் கிடத்தி, கண்டெடுத்த மாதிரி எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான் தவிடு அளந்து கொடுத்து அவங்ககிட்ட இருந்து வாங்கினேன். எங்க பக்கம் ஒண்ணு போய் ஒண்ணு பிறந்தா அப்படித்தான். குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கினது, எங்களது இல்லைன்னு ஆயிட்டா எவன் கண்ணு வைப்பான்? அதான் குப்பி. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரையே போடுங்கன்னுதான் சொன்னேன். அவங்க அப்பா கேட்கலை.

அன்னையிலிருந்து கவனமா இருக்கேன். ஃபோட்டோ எடுக்கிறதில்லை. தலை சீவினா பின்னால் உட்கார்ந்து சீவுவேன். சாப்பிடும்போது பார்க்கவே மாட்டேன், தட்டை வெச்சிட்டு அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிக்குவேன். ஊர்க்கண்ணைவிடத் தாய்க்கண்ணு பொல்லாதது மேடம். குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறது ஊருக்காக மட்டும்னு நினைச்சீங்களா? பெத்தவள்தான் விடிஞ்சதிலிருந்து பார்த்துக்கிட்டே இருக்காள். முதல்ல அவளுக்காகத்தான்.

வாங்க அத்தை. ஆச்சு, இன்னும் ஒரு சுத்து சுத்தட்டும். அரிசி மாவு எடுத்துட்டுப் போங்க, உளுந்து அப்புறம் தர்றேன். இவங்களா? பள்ளிக்கூட விஷயமா வந்த மேடம். தெரியாது அத்தை, கல்யாணம் ஆயிடுச்சான்னு எல்லாம் கேட்கக் கூடாது. இல்லை, நம்ம ஆளுகளான்னும் கேட்கக் கூடாது. உளுந்துக்குத் தூக்கை அங்கேயே வெச்சிட்டுப் போங்க, நான் கொண்டாந்து தர்றேன். போங்க.

இவங்கதான் பேச்சியம்மா அத்தை. குப்பியை எனக்கு வித்தவங்க. இப்பவும் சண்டை வந்தா 'என் புள்ளையத் திருப்பிக் குடுட்டி, உன் தவிடு அப்படியே இருக்கு'ன்னு சொல்லுவாங்க.

சரி. அந்தப் பூ விஷயத்துக்கு வர்றேன். எழுத வேண்டாம்னு சொல்ல முடியாது, படிப்பு. ஏத்தாம இருக்க முடியாது, டீச்சர் கேட்பாங்க. அப்போ என்ன பண்ணலாம்? யோசிச்சேன். கன்னத்தில் வைக்கிறதைக் கட்டுரையில் வெச்சா என்ன?

அடுத்த வாரம் தகரக் கூரையில் மழை பெய்றதைப் பற்றி எழுதியிருந்தாள். நல்லா இருந்தது. சரி, சுமாரா இருந்தது. டைப் பண்ணிட்டு, கடைசியில் நானா ஒரு வரி சேர்த்தேன். 'எனக்கு எப்பவும் சளி. மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும்.' அவ்வளவுதான். ஒரு சின்னப் பொட்டு. கண்ணு எத்தனை வந்தாலும் கடைசியில் அந்தச் சளியில் போய் விழட்டும். அந்த வாரம் அவளுக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். ஆனா ஒண்ணும் ஆகலை.

டீச்சர் கேட்டாங்க, 'நோட்ல இந்த வரி இல்லையேம்மா?' 'டைப் பண்ணும்போது அவளாச் சொன்னா டீச்சர்'னேன். 'குழந்தை தானாச் சேர்க்கிறது நல்லதுதான்'னாங்க.

அப்புறம் வாரா வாரம் வெச்சேன். 'எனக்கு வாய்ப்பாடு வராது.' 'என் தலையில் பேன்.' கண்மாயில் கொக்கு மீன் பிடிக்கிறதை ஒண்ணு எழுதியிருந்தாள், அதுக்கு மட்டும் கொஞ்சம் கனமா வைக்க வேண்டியதாப் போச்சு. 'இன்னைக்கு எங்க வீட்டில் சோறு ஆக்கலை'ன்னு போட்டேன். மறுநாள் டீச்சர் அவளுக்கு வாழைப்பழமும் முட்டையும் கொண்டு வந்து கொடுத்திருக்காங்க. பாவம். நான் அன்னைக்குக் கோழிக் குழம்பு வெச்சிருந்தேன். ஒரு கிண்ணம் டீச்சருக்குக் கொடுத்தனுப்பலாம்னு நினைச்சு, சரிப்பட்டு வராதுன்னு விட்டுட்டேன்.

புள்ளைங்க அவளைச் சளிமூக்கின்னு கூப்பிட ஆரம்பிச்சுதுங்க. அழுதுக்கிட்டு வந்தாள். 'ஏம்மா அப்படி எழுதுன? எனக்குச் சளியே இல்லை'ன்னாள். உட்கார வெச்சு, தலையைச் சீவிக்கிட்டே எல்லாம் சொன்னேன். கன்னத்துப் பொட்டு, கண்ணு, எல்லாம். அண்ணனைப் பற்றிச் சொல்லலை. அது அவளுக்கு எதுக்கு?

அப்புறம் கேட்டாள், 'நான் எழுதுனது நல்லா இருந்தாத்தான் பொட்டு வைப்பியா?'

'ஆமா.'

'ரொம்ப நல்லா இருந்தா?'

'பெரிசா வைக்கணும்.'

'அப்ப சோறு ஆக்கலைன்னு போட்டது பெரிசாம்மா?'

'பெரிசுதான்.'

என்னைப் பார்க்கத் திரும்பினாள். தலையைப் பிடிச்சு நேரா வெச்சேன், கோணலாயிடும்ல வகிடு.

'யாராவது கேட்டா பொட்டுன்னு சொல்லலாமா?'

'சொல்லக்கூடாதுட்டி. பொட்டுன்னு சொல்லிட்டா அது அழிஞ்ச மாதிரி. கேட்டா நெசந்தான்னு சொல்லணும்.'

அதோட அழுகை நின்னுடுச்சு. அப்புறம் அது எங்களுக்குள்ளே ஒரு விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வருவாள், நோட்டை மாவுச் சட்டி மேலே வெச்சு, 'அம்மா, இன்னைக்கு எவ்ளோ பெரிய பொட்டு?'ன்னு கேட்பாள். நான் படிச்சுட்டு, மாவுக் கையால் இம்புட்டுன்னு காட்டுவேன். சின்னதாக் காட்டினா முகம் தொங்கிப்போகும். பெரிசாக் காட்டினா அந்தப் பக்கம் போய்க் குதிப்பாள். குதிக்கிறது எனக்குக் கேட்கும். பெரிய பொட்டு வரணும்னே விழுந்து விழுந்து எழுதுவாள். பாருங்க, டீச்சர் சொன்ன மாதிரியே தமிழ் தன்னால வந்துடுச்சு.

இப்போ கொஞ்ச நாளா நிஜமாவே மூக்கை உறிஞ்சுறாள். ஆஸ்பத்திரியில் காட்டினேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. பழக்கம்தான். வாய்ப்பாடும் அப்படித்தான். என்கிட்ட கடகடன்னு ஒப்பிப்பாள், டீச்சர் கேட்டா நிக்கிறாளாம். நடிப்பு. கெட்டிக்காரி. கெட்டிக்காரின்னு எழுதிக்காதீங்க மேடம். அதை அடிச்சிடுங்க.

இந்தக் கட்டுரைக்குத்தானே? வர்றேன், வர்றேன்.

'என் அம்மா'ன்னு தலைப்பு. மத்த புள்ளைங்களது எல்லாம் நான்தான் டைப் பண்ணினேன். எல்லாருக்கும் அம்மா தெய்வம், அம்மா நிலா, அம்மா சுடுற தோசை. இவள் மட்டும் நோட்டைக் கொடுக்கலை. 'பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் ஓடுது, நானே அடிச்சுக்கிட்டேன்'னாள். நானும் விட்டுட்டேன். மறுநாள் டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. போனா, கண்ணு செவந்து உட்கார்ந்திருக்காங்க. ஃபோனைக் கையில் கொடுத்துப் 'படிங்க'ன்னாங்க.

நீங்களும் படிச்சிருக்கீங்க. இருந்தாலும் சொல்றேன், எனக்கு மனப்பாடம். 'எங்க அம்மா கையில் எப்பவும் மாவு காய்ந்திருக்கும். காய்ந்த மாவு ஊர் வரைபடம் மாதிரி இருக்கும். எங்க அம்மா எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவாங்க. மாவு வாங்க வந்தவங்க மாவை வாங்கின பிறகும் போக மாட்டாங்க. எனக்குத் தலை சீவும்போது மூச்சு என் கழுத்தில் படும். அதை வைத்து அம்மா சிரிக்கிறாங்களா இல்லையா என்று கண்டுபிடிப்பேன். நான் சாப்பிடும்போது அம்மா சுவரைப் பார்ப்பாங்க. சுவரில் என்ன இருக்கிறது என்று நானும் ஒரு நாள் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உலகத்திலேயே எங்க அம்மாதான் நல்ல அம்மா. எங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது.'

நல்லா எழுதியிருக்காளா? நான் ஒண்ணும் சொல்லலை, நீங்க படிச்சவங்க, அதான் கேட்டேன்.

கீழே கண்ணு எண்ணிக்கை எங்கேயோ போயிருந்தது. அதுக்கும் கீழே ஆளாளுக்கு எழுதியிருந்தாங்க. 'இப்படியும் ஒரு தாயா'ன்னு ஒருத்தர். 'இவளை எல்லாம் உள்ளே தள்ளணும்'னு ஒருத்தர். 'குழந்தையை நாங்கள் வளர்க்கிறோம்'னு ஒருத்தர், எந்த ஊரோ. அவங்கள்ள ஒருத்தர்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்கணும். எனக்குக் கோபம் வரலை மேடம். உண்மையைச் சொன்னா எனக்கு ஒண்ணுமே வரலை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துட்டு, 'சரி டீச்சர், உளுந்து ஊறுது'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது தப்பாப் போச்சு போல. கல்லு மனசுன்னு நினைச்சிருப்பாங்க.

டீச்சர் அவளைக் கேட்டிருக்காங்க. 'ஏன்டா தங்கம் அப்படி எழுதினே?' மறுபடியும், 'பொய்யாடா?' தலையை ஆட்டியிருக்காள், இல்லைன்னு. 'நெசமா?' ஆமான்னு ஆட்டியிருக்காள். பாருங்க, நான் சொல்லிக் கொடுத்தபடி அட்சரம் பிசகலை. இது பொட்டு மேடம். அவளே முதல்முறையா வெச்ச பொட்டு. எனக்கு வெச்சது. என்னை அவ்வளவு நல்லபடியா எழுதிட்டு, இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் அம்மா மேலே கண்ணு பட்டுடக் கூடாதுன்னு எனக்கு வெச்சிருக்காள். இதுவரைக்கும் நான் வெச்சதெல்லாம் இதுக்கு முன்னால் கடுகு. இவ்வளவு பெரிசா யாரும் யாருக்கும் வெச்சிருக்க மாட்டாங்க.

இதை அவங்க அப்பாகிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவர் கையை அப்படியே வெச்சுக்கிட்டு, 'பொட்டுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?'னார்.

'பின்னே என்ன?'

'அவகிட்ட கேட்டியா?'

'கேட்டா என்ன சொல்லுவாள்?'

அவர் எழுந்துட்டார். கையைக் கழுவிட்டு வண்டியைத் துடைக்கப் போயிட்டார். துடைச்ச வண்டியையே துடைச்சுக்கிட்டு இருந்தார்.

அன்னையிலிருந்து கேட்கணும் கேட்கணும்னு இருக்கேன். தலை சீவும்போது வாய் வரைக்கும் வரும். கேட்டா 'நெசந்தாம்மா'ன்னு சொல்லுவாள். பொட்டா இருந்தாலும் அதைத்தான் சொல்லணும், அது நான் சொல்லிக் கொடுத்தது. நெசமா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாள். அப்போ நான் கேட்டு எனக்கு என்ன தெரியப்போகுது? அதனால் வகிடு எடுக்கிறேன், பின்னுறேன், ரிப்பன் கட்டுறேன், அனுப்பிடுறேன். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பூவை இப்போ மூடி வெச்சிட்டாங்க. நோட்டைக் கொண்டு வந்து எவ்வளவு பெரிசுன்னு கேட்கிறதும் இல்லை. வர்றாள், தின்னுறாள், படிக்கிறாள். நான் எப்பவும் போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிறேன். முந்தாநாள் அந்தச் சுவரில் ஒரு சாமி காலண்டர் வாங்கி மாட்டினேன். அவள் ஒன்றும் இல்லைன்னு எழுதியிருந்தாளே, அதுக்காக.

அவ்வளவுதான் மேடம். யார்கிட்டயும் சொல்லக்கூடாததை உங்ககிட்ட சொல்லிட்டேன். பொட்டுன்னு வாயைத் திறந்து சொல்லியாச்சு. அவள் எனக்கு வெச்சது, நான் அவளுக்கு வெச்சது, எல்லாம் இந்நேரம் அழிஞ்சிருக்கும். சொல்லலைன்னா நீங்க அவளைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க, என்ன பண்ணுறது?

என்ன கேட்டீங்க? கேட்கலை. இருங்க, ஆயிடுச்சு, நிறுத்திடுறேன்.

இப்போ கேளுங்க.

அதைக் கண்டிப்பா நான் என் வாயால் சொல்லணுமா? ஃபைலில் அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கா? 'உங்களுக்கு உங்கள் மகளைப் பிடிக்குமா'ன்னு. இதை எழுதிட்டுப் போனா ஆபீஸில் எத்தனை பேர் பார்ப்பாங்க? உங்க மேலதிகாரி, அவருக்கு மேலே ஒருத்தர், கம்ப்யூட்டரில் ஏத்துறவர். அதுக்கும் கீழே ஒரு கண்ணுப் படம் இருக்குமோ என்னவோ.

அந்தா, தெருத் திருப்பத்தில் வர்றாள். சிவப்புப் பை. நீங்களும் ரொம்ப நேரம் பார்க்காதீங்க. கருப்பா, எலும்பும் தோலுமா, பார்க்கிறதுக்கு என்ன இருக்கு அவகிட்ட?

காது அடைக்குது எனக்கு, கிரைண்டர் நின்னா இப்படித்தான்.

எழுதிக்குங்க மேடம், அவள் வர்றதுக்குள்ளே. பிடிக்காது.

ஏன் பேனா நிக்குது? நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. பிடிக்காதுன்னு எழுதுங்க.

கொஞ்சம் பெரிசாவே எழுதுங்க.